சுளுக்கு என்று நினைத்த மணிக்கட்டு

காலபோக நெல் வெட்டி முடிந்த மாசி மாதத்தில், பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியில் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது தெரியும். தார் வீதியின் ஒரு கரையில் நீளத்துக்கு நெல் காயும். அதை யாரும் மிதித்துவிடாமல் கல்லும் மரக்குற்றியும் வைத்திருப்பார்கள். மிச்ச இடத்தில்தான் எல்லா வாகனமும் போகவேண்டும்.

போன வருடம் மாலை வகுப்பு முடிந்து, ஆறரை மணி மங்கலில் அந்த மிச்ச இடத்தில்தான் எதிரே வந்த சைக்கிளோடு மோதினேன். இரண்டிலும் லைற் இல்லை. ஓட்டி வந்தவன் என்னிடம் படிக்கிற பெடியன். முன் பாரில் அவனுடைய ஏழு வயதுத் தம்பி. “காணேல்லை ரீச்சர், காணேல்லை” என்று அழுதுகொண்டே நின்றான்.

நான் வலக்கையை ஊன்றி விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்து கிரவல் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் கழுவினார். எரிச்சல் உயிர் போனது. ஆனால் மண்ணும் குறுணிக்கல்லும் உள்ளே கிடந்தால் புண் சீழ்பிடிக்கும், ஆறிய பிறகும் தோலுக்கடியில் கறுப்புப் புள்ளியாக நிற்கும். ஒருவர் கோப்பித்தூள் கொண்டுவந்தார். அதை அக்கா போடவிடவில்லை, நல்ல காலம்.

சின்னவனுக்கு வெளியில் காயமே இல்லை. வயிற்றில் மட்டும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு சிவந்த வட்டம். ஹாண்டில் முனை குத்திய தடம் அது. ரப்பர் பிடி எப்போதோ கழன்று, வெறும் இரும்புக் குழாய்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் என் காயத்தை விட்டுவிட்டு முதலில் அந்த வட்டத்தைத்தான் பார்த்தார். இப்படிக் குத்தினால் உள்ளே மண்ணீரல், ஈரல், கணையம் அடிபடலாம், அது பல மணி நேரம் கழித்தும் தெரியவரலாம் என்று சொல்லி இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். அவன் தப்பினான். வயிற்றுநோ, சத்தி, முகம் வெளிறுதல் இருந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

எனக்கு ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டு, மணிக்கட்டை எக்ஸ்றே எடுத்தார்கள். முறிவு தெரியவில்லை. ஆனாலும் டொக்டர் என் பெருவிரலை விரிக்கச் சொன்னார். அப்போது அதன் அடியில் ஒரு குழி விழும். அந்தக் குழியை அவர் அழுத்தியதும் கத்திவிட்டேன். “இதில நோ இருந்தா, படத்தில இல்லையெண்டாலும் நம்பக்கூடாது ரீச்சர்” என்று அணை வைத்துக் கட்டி, பன்னிரண்டு நாளில் திரும்ப வரச்சொன்னார்.

அந்த நாட்களில் வீக்கம் வற்றிவிட்டது. சோறு குழைத்துச் சாப்பிட முடிந்தது, போத்தல் மூடியைத் திருக மட்டும் முடியவில்லை. மாமி, பரியாரியாரிடம் எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரி என்றார். நானும் சுளுக்குத்தான் என்று நம்பி, போகாமல் விடப் பார்த்தேன். போனபோது இரண்டாவது படத்தில் மெல்லிய கோடாக முறிவு தெரிந்தது.

முறிந்தது மணிக்கட்டில் இருக்கிற, ஸ்கபொயிட் என்று முந்திரிப்பருப்பு மாதிரி ஒரு சின்ன எலும்பு. அதற்கு இரத்தம் விரல் பக்கமிருந்து பின்னோக்கித்தான் ஓடுகிறது. நடுவில் முறிந்தால் பின்பாதிக்கு இரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகலாம், பிறகு வாழ்நாள் முழுக்க மணிக்கட்டு நோகும். இதைக் கேட்டபோது, இழுத்துவிடக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உடம்பு குளிர்ந்தது.

எட்டுக் கிழமை கைக்கு மாக்கட்டு (பிளாஸ்டர்) போட்டிருந்தேன். கரும்பலகையில் இடக்கையால் எழுதினேன், பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள். மாவை வெட்டியபோது கை மெலிந்து விறைத்துப்போயிருந்தது. வெந்நீரில் வைத்து மெல்ல மடக்கி நீட்டி, ஈரத்துணி பிழிந்து பழக இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

அப்புறம் டைனமோ பூட்டினேன், பின் மட்காட்டில் சிவப்பு றிப்ளெக்டர் ஒட்டினேன். பெடியனுடைய சைக்கிளுக்கு ஹாண்டில் ரப்பர் இரண்டையும் நானே வாங்கிப் போட்டுவிட்டேன். தம்பியை இப்போது கரியரில்தான் ஏற்றுகிறான். கால் கம்பிக்குள் போகாமல் சில்லின் இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கிறான்.

இந்த மாசியிலும் நெல் காய்கிறது. இருட்டிவிட்டால் அந்த அரைக் கட்டைத் தூரமும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன்.