ரெண்டு மணி நேரத்திலேயே ஏன் கழட்டுறீங்க?

போன செவ்வாய்க்கிழமை மத்தியான ஷிஃப்டில் ஒரு சண்டை. ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த பெரியவருக்கு அன்றுதான் முதல் டயாலிசிஸ். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான யூரியா, ரத்தத்தில் 284. கழுத்தில் லைன் போட்டு, ரெண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, ரத்தத்தைத் திருப்பி விட ஆரம்பித்தேன். அதற்குள் அவர் மகன் உள்ளே வந்துவிட்டார்.

"பக்கத்து பெட்டுக்கு நாலு மணி நேரம். எங்கப்பாவுக்கு மட்டும் ரெண்டா? காப்பீட்டு அட்டைன்னா இவ்ளோதானா சிஸ்டர்?"

நான் சிஸ்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். கிருஷ்ணகிரியில் இந்த வேலைக்கு வந்து 11 வருஷம் ஆகிறது, இன்னும் எல்லாருக்கும் சிஸ்டர்தான். வயசானவர்களுக்கு பாப்பா. அது போகட்டும். முதலமைச்சர் காப்பீட்டில் வந்தாலும் சரி, காசு கட்டி வந்தாலும் சரி, யூரியா இவ்வளவு ஏறி முதல் முறையாக வருகிறவரை நாங்கள் மெதுவாகத்தான் ஓட்டுவோம். பழைய ஆளுக்கு ரத்தத்தை இழுக்கும் பம்ப் நிமிஷத்துக்கு 300 மில்லியில் ஓடும், புது ஆளுக்கு 150. ரத்தத்தை வடிகட்டும் டயலைசரும் சின்னது. அன்றைக்கு யூரியா மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே போதும். மறுநாள் கொஞ்சம் கூடுதல் நேரம், அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

ஏன் என்று கேட்டால் நான் மாங்காயைத்தான் சொல்வேன். நம் ஊர்க்காரர்களுக்கு அது உடனே பிடிபடும். உப்பில் ஊறிச் சுருங்கிய மாங்காய்த் துண்டை எடுத்து வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்பும். கிட்னி போனவரின் உடம்பு முழுக்க யூரியா ஊறியிருக்கிறது, மூளையிலும்தான். மெஷின் கழுவுவது ரத்தத்தை மட்டும். ரத்தத்தில் யூரியா மளமளவென்று இறங்கும்போது மூளைக்குள் இருப்பது அதே வேகத்தில் வெளியே வராது. அப்போது மூளை அந்த மாங்காய்த் துண்டு, ரத்தம் வெறும் தண்ணீர். ரத்தத்திலிருந்து தண்ணீர் மூளைக்குள் போகும். மாங்காயாவது திறந்த கிண்ணத்தில் கிடக்கிறது. மூளை இருப்பது மூடி இறுகிய ஜாடிக்குள். வீங்க இடம் கிடையாது, உள்ளே அழுத்தம்தான் ஏறும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. டயாலிசிஸ் முடிந்த பிறகும், மூளையையும் சூழ்ந்திருக்கும் முதுகுத்தண்டு நீரில் யூரியா ரத்தத்தைவிட அதிகமாக நிற்கிறது என்று 1962இலேயே கென்னடி என்ற டாக்டரும் உடனிருந்தவர்களும் எழுதிவிட்டார்கள். மூளை இப்படி வீங்கினால் தலைவலி, குமட்டல், வாந்தி, பார்வை மங்கல், நிலைகொள்ளாமை என்று ஆரம்பித்து ஃபிட்ஸ், நினைவு தப்புவது வரை போகலாம். பெரும்பாலும் முடிகிற நேரத்திலோ, முடிந்து சில மணி நேரத்திலோதான் காட்டும். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்கூட வரலாம்.

நான் இதைப் புத்தகத்தில் படித்தேன். ஆனால் புரிந்தது ஒரு மாங்காய் புரோக்கரிடம்.

ஆறு வருஷம் முன்பு, அப்போது வேறொரு இடத்தில் வேலை. மே மாதம், காய் மண்டிகள் எல்லாம் நிரம்பி வழிகிற நேரம். சந்தூர்ப் பக்கத்து அண்ணா ஒருவர், யூரியா 310, முதல் முறை. "பெங்களூரா என்ன விலைக்கு போகுதுண்ணா?" என்று அந்த மாங்காய் ரகத்தைப் பற்றி சும்மா கேட்டேன். கூழ் ஃபேக்டரிக்காரர்கள் விலையை எப்படி அமுக்குகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினார். சிரித்துக்கொண்டே கேட்டேன். எழுதியிருந்தது 150 ஸ்பீடு, ரெண்டு மணி நேரம். அடுத்த பேஷன்ட் வரவில்லை, மெஷின் சும்மா கிடக்கும். "நல்லாத்தானே இருக்காரு, இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ணி விடுங்க" என்று அவர் வீட்டம்மா கெஞ்சினார். நான்தான் 250க்கு ஏற்றி, நேரத்தையும் நீட்டினேன். டாக்டரிடம் கேட்கவில்லை. வேறு யார் மேலும் பழி போட இடமில்லை.

மூன்றாவது மணி நேரத்தில் அவர் பேச்சு நின்றுபோயிருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். எழுப்பி, "என்னண்ணா, பெங்களூரா என்ன விலைன்னீங்க?" என்றேன். என் முகத்தையே பார்த்தார். "தக்காளியா?" என்றார். அடுத்த நிமிஷம் வாந்தி. பிரஷர் 190க்கு 100. மெஷினை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுவதற்குள் ஃபிட்ஸ் வந்துவிட்டது. ஊசி போட்டு அடக்கி, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மேனிட்டால் ஏற்றி, 108இல் சேலத்துக்கு அனுப்பினோம். ரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் ஓடியிருந்ததால் தலைக்குள் ரத்தக்கசிவோ என்று எல்லாருக்கும் பயம். சிடி எடுத்ததில் கசிவு இல்லை, வீக்கம் மட்டும். ரெண்டு நாளில் தெளிந்துவிட்டார். நான் தெளிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது.

தலைக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க ஒரு மீட்டர் கிடையாதா என்று அப்போதுதான் தேட ஆரம்பித்தேன். இருக்கிறது. பெரிய ஐசியுக்களில், தலையில் அடிபட்டவர்களுக்கு மண்டையோட்டில் சிறு துளை போட்டு உள்ளே சென்சார் வைப்பார்கள். பெரியவர்களுக்கு 15 மில்லிமீட்டர் மெர்குரி வரை இருந்தால் பயமில்லை, 22ஐத் தாண்டினால் வைத்தியத்தில் இறங்கிவிடுவார்கள். கிட்னி போனவருக்குத் துளை போடுவதில் ஒரு சிக்கல். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை ரிப்போர்ட்டில் சரியாக இருக்கும், ஒட்ட வேண்டிய இடத்தில் சரியாக ஒட்டாது. யூரியாவின் வேலை அது. பார்க்கப் போன இடத்திலேயே ரத்தம் கசியலாம். அதனால் மூளையில் ஏற்கெனவே அடியோ கசிவோ இருக்கிறவர்களுக்கு, லாபம் எது ஆபத்து எது என்று எடை போட்டுத்தான் வைப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நாலு மணி நேர டயாலிசிஸும் வேண்டாம் என்று, ராப்பகலாக மெதுவாக ஓடும் சிஆர்ஆர்டி மெஷினில் போடுவார்கள்.

துளை இல்லாத வழியை இங்கே வந்த பிறகு டியூட்டி டாக்டர் ஒருவர் காட்டினார். கழுத்து லைன் போட ரத்தக்குழாய் தேடுவோமே, அதே அல்ட்ராசவுண்ட் ப்ரோப். கண்ணை மூடச் சொல்லி, இமை மேல் தாராளமாக ஜெல் வைத்து, அழுத்தாமல் சும்மா தொட்டமாதிரி பிடித்தார். திரையில் கண் ஒரு கருப்பு உருண்டை. அதன் பின்னால் கீழ்நோக்கி ஒரு கருப்பு வால். அதுதான் கண் நரம்பும் அதன் உறையும். மூளையைச் சுற்றியிருக்கும் உறைதான் அங்கேயும் நீண்டு வருகிறது, உள்ளே அழுத்தம் ஏறினால் இதுவும் உப்பும். கண் உருண்டைக்குப் பின்னால் சரியாக 3 மில்லிமீட்டர் தள்ளி அகலத்தை அளந்தார். 5 மில்லிமீட்டரை ஒட்டி வந்தாலே கவனம் என்றார். எல்லை ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், அதனால் ஓட்டுவதற்கு முன் ஒரு அளவு, பின் ஒரு அளவு என்று அதே ஆளோடு ஒப்பிட்டால்தான் பிரயோஜனம். ரெண்டு நிமிஷ வேலை. பேஷன்டுக்கு ஜெல் ஜில்லென்று இருந்ததுதான் ஒரே புகார்.

ஆனால் அந்த டாக்டர் எல்லா ஷிஃப்டிலும் இருக்க மாட்டார், ப்ரோப்பும் பாதி நேரம் வேறு வார்டில் இருக்கும். மற்ற நேரமெல்லாம் நாங்கள்தான் மீட்டர். முதல் முறை வருகிறவரிடம் ஆரம்பிக்கும்போதே ஏதாவது ஒரு கேள்வி கேட்டு வைப்பேன். அரை மணிக்கொரு தரம் அதையே திரும்பக் கேட்பேன். அவரவர் பாஷையில் கேட்க வேண்டும். வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் தமிழில் கேட்டதற்குத் திருதிருவென்று முழித்தார், பதறிப்போனேன். தெலுங்கில் கேட்டதும் பேரன் பேத்தி பெயர் எல்லாம் வரிசையாக வந்தது.

இன்னொன்று, பையிலிருக்கும் திரவத்தை வயிற்றுக்குள் விட்டுச் செய்கிற டயாலிசிஸில் யூரியா நாள் முழுக்க மெதுவாக இறங்குவதால் இந்தத் தொல்லை ரொம்ப அரிது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அந்தப் பைகளை வீட்டுக்கே தருவதும் அதில் உண்டு. எல்லாருக்கும் ஒத்துவராது. ஒத்துவருமா என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்பதில் தப்பில்லை.

சரி, ராயக்கோட்டை மகனுக்கு வருவோம். மாங்காய்க் கதையைச் சொன்னேன். பாதி நம்பிய முகத்தோடு அப்பாவைக் கூட்டிப்போனார். ராத்திரி தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே கிளம்பி வரச் சொல்லி அனுப்பினேன். ஒன்றும் வரவில்லை.

மறுநாள் ரெண்டரை மணி நேரம். முதல் நாள் பெரியவரிடம் கேட்டு வைத்த கேள்வி, வீட்டில் பசு எத்தனை என்பது. அன்றும் அதையே கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டதும் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு. நேத்தும் மூணு, இன்னைக்கும் மூணு. டேய், இந்தப் பாப்பாவுக்கு ஞாபகமே நிக்கமாட்டேங்குதுடா, முதல்ல அதுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லு."