சுக்கானைப் பிடித்த பாய்

ஆங்கிலேயப் படகோட்டி பிரான்சிஸ் சிச்செஸ்டர் 1966 ஆகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து பாய்மரப் படகில் சிட்னி நோக்கித் தனியாகக் கிளம்பினார். வயது 65-ஐ நெருங்கியிருந்தது. நுரையீரல் புற்றுநோய் என்று டாக்டர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அவரை அதிகம் வாட்டியது வேறு என்பேன். சிட்னிக்கு இன்னும் வெகுதூரம் இருக்கும்போது, காற்றாடித் தகடு வைத்துத் தானே சுக்கான் பிடிக்கும் கருவி முறிந்துபோனது. இனி எப்படித் தூங்குவது?

சிறிய முன்பாயின் கயிற்றைச் சுக்கான்பிடியோடு இணைத்தார். இம்முறையில் கயிறு கப்பி வழியே வந்து சுக்கான்பிடியைக் காற்று வரும் பக்கமாக இழுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ரப்பர் கயிறு. அணியம் (படகின் முன்முனை) காற்றை நோக்கித் திரும்பினால் பாயின் இழுவை கூடி, பிடியை இழுத்துப் படகைக் காற்றிலிருந்து விலக்கும். அதிகம் விலகினால் இழுவை தளரும், ரப்பர் மீட்கும். ரப்பர் விறைப்பானால் மென்காற்றில் பாய் தோற்றுவிடும். பின்காற்றில் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், அதுதான் தொல்லை.