11 ஏக்கர், 5 குதிரை

ஜூன் 9

புரோக்கர் கேட்டதால், விற்கப் போகிற எங்கள் காட்டைப் பற்றி, அதாவது நிலத்தைப் பற்றி, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில், ஊதியூர் மலை தெரிகிற தூரத்தில், 11 ஏக்கர் 40 சென்ட். அதில் 8 ஏக்கர் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். ஒரு கிணறு, ஒரு போர், மூணு பேஸ் கரண்ட், ஓட்டு வீடு. ஆறு குதிரை கட்டும் லாயம், ஒவ்வொரு அறையும் 12 அடிக்கு 12 அடி. சவாரி பழக 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் மணல் திடல்.

படித்துவிட்டுச் சொன்னார்: "குதிரை விசயத்தை அடியில போட்டுக்கலாங்க. தண்ணி, ரோடு, பத்திரம் சுத்தம். இத மட்டும் மேல எழுதுங்க."

விற்பதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தம்பி திருப்பூரில் பனியன் வேலை செய்கிறான், முதல் தேவைப்படுகிறது. அவன் பங்கைப் பணமாகக் கொடுக்க என்னிடம் இல்லை. என் முழங்காலும் இரண்டு வருடமாகச் சேணம் ஏற விடுவதில்லை.

ஜூன் 15

இன்று இடம் பார்க்க இரண்டு கட்சி வந்தார்கள். முதலாமவர் சைட் போடுகிறவர். வண்டியை விட்டு இறங்காமலே ரோட்டின் அகலத்தைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாமவர் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை வைத்திருக்கிறார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடந்து பார்த்தார். பிஏபி, அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணீர் வருமா என்று கேட்டார். பாசன நிலத்தை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிறார்கள், ஒரு மண்டலத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும், நாமோ வாய்க்காலின் கடைசி என்று உள்ளதைச் சொன்னேன். புரோக்கர் என்னை முறைத்தார்.

அப்புறம் தென்னைக்காரர் கிளுவை வேலியைக் காட்டி, "இதைப் பிடுங்கிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்ளுக்கம்பி கட்டிரலாங்க" என்றார். அந்தப் பக்கம் நின்றிருந்த என் குதிரை கறுப்பியின் நெஞ்சைக் காட்டினேன். வாங்குவதற்கு முன் அவள் நின்ற இடத்தில் முள்ளுக்கம்பி. ஏதோ சத்தத்துக்கு மிரண்டு அதில் பாய்ந்திருக்கிறாள். இடது முன்னங்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு முடி முளைக்காத வடு, தொட்டால் கயிறு போல இருக்கும். கிளுவையிலும் முள் உண்டு, ஆனால் குதிரை சாய்ந்தால் அது வளைந்து கொடுக்கும், கிழிக்காது. மழைக்காலத்தில் கொம்பை ஒடித்து நட்டால் போதும், தானே வேலியாகிவிடும். இந்த வேலி என் தாத்தா நட்டது.

தென்னைக்காரர் வடுவைப் பார்த்து ச்சு கொட்டினார். அப்புறமும் கம்பி விலையைத்தான் கேட்டார்.

ஜூன் 22

நான் இங்கே எழுதுவதைப் படிக்கிறவர்களில் இருவர், கொரங்காட்டில் குதிரையா, அது காங்கேயம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஆன மேய்ச்சல் நிலம் ஆயிற்றே என்று கேட்டிருக்கிறார்கள். சரியான கேள்வி. சுற்றிலும் கிளுவை, இடையிடையே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல், இதுதான் கொரங்காடு. ஏர் ஓட்டுவது எப்போதாவதுதான். அப்பா ரேக்ளாவுக்காக அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரை பிடித்து வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. மாடு மேய்ந்த இடத்தில் அதையும் விட்டார். எங்கள் குதிரைகளுக்கு இன்றும் மாட்டு நிறப் பெயர்தான்: செவலை (சிவப்பு), மயிலை (சாம்பல்), காரி (கறுப்பு). சவாரி பழக வரும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

நான் செய்த தப்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். பல வருடம் முன்பு மயிலைக்கு முகம் இரு பக்கமும் மெல்லப் புடைத்துக்கொண்டு வந்தது, நடை கட்டையாயிற்று. சத்துக் குறைவு என்று நினைத்துத் தவிட்டை அள்ளி அள்ளிப் போட்டேன். போடப் போட மோசமாயிற்று. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். கொழுக்கட்டைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டு வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் பெரும்பாலும் உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி கிடையாது. புல்லிலுள்ள சுண்ணாம்புச் சத்தை ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்வதால், உடம்பு தன் எலும்பிலிருந்தே எடுக்கத் தொடங்குகிறது. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

அதற்குப் பிறகுதான் கிணற்றடியில் 40 சென்ட் குதிரைமசால் போட்டேன். பெயரிலேயே குதிரை இருக்கிறது, சுண்ணாம்புச் சத்தும் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. பத்து நாளைக்கு ஒருமுறையாவது தண்ணீர் கட்ட வேண்டும். ஆகவே இந்த இடத்தில் குதிரை வைக்கிறவருக்கு 8 ஏக்கர் மேய்ச்சலைவிட அந்த 40 சென்ட்தான் முக்கியம், அதற்குக் கிணறு முக்கியம். கிணற்றில் வாரத்துக்கு நான்கு நாள் எங்கள் முறை, மூன்று நாள் பெரியப்பா மகன் முறை.

ஜூலை 4

காற்று. லாயத்துக் கூரையில் மூன்று ஓடு போயிற்று. யாரும் வரவில்லை.

ஜூலை 11

வக்கீலைப் பார்த்தேன். வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப் பத்திரம் எல்லாம் எடுத்துப் போயிருந்தேன். எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, "அக்கா கையெழுத்து?" என்றார். அக்காவுக்கு 1986-இல் கல்யாணம். தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இல் பெண்களுக்குப் பங்கு கொடுத்தபோது அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை விட்டுவிட்டது என்று எங்கள் வீட்டில் பேசி முடித்திருந்தோம். 2005 மத்தியச் சட்டத் திருத்தத்துக்கும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு அந்தப் பேச்சு எடுபடாதாம். அதோடு அப்பா உயில் எழுதாமல் போனவர்.

ஈரோட்டில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். "முப்பது வருசமா யாருமே என்னைக் கேக்கலையேடா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. மூன்று பங்கு என்று முடிவாயிற்று. தம்பி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. இனி ஆவணி வரை யாரும் பத்திரம் போட மாட்டார்கள், புரோக்கரும் ஓய்வு. ஆனால் பார்க்க வருவதற்கு ஆடி தடையில்லை போலிருக்கிறது. கோயமுத்தூரில் சவாரி சொல்லிக் கொடுக்கும் ஒரு பெண் இன்று தனியாக வந்தார். முப்பது வயது இருக்கும். கையில் சொந்தமாக மூன்று குதிரை, நிற்பது வாடகை லாயத்தில்.

மதியம் இரண்டு மணிக்கு வந்து, வீட்டுக்குள் வரச் சொன்னதற்கு, "இருக்கட்டுங்கண்ணா" என்று நேரே லாயத்துக்குள் போய்ச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சூடு பார்க்கிறார். தகரம் போடாமல் ஓடு போட்டதற்கு என்னை முதல்முதலாகப் பாராட்டியவர் அவர்தான். மூலைக்குப் போய்க் குனிந்து மோந்து பார்த்தார். மூத்திர நெடி தேங்கியிருந்தால் குதிரைக்கு மூச்சில் கோளாறு வரும். காரியின் பின்னங்காலைத் தூக்கி, குளம்பின் நடுவில் விரலை விட்டு வழித்து, அந்த விரலையும் மோந்தார். குளம்பழுகல் இருந்தால் அந்த நாற்றம் மறக்காது. ஒன்றும் சொல்லாமல் பேண்டில் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்தான் கேள்விகள். லாடம் அடிப்பவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறார்? ஆறு வாரம். ராத்திரி வயிற்று வலி வந்தால் எந்த டாக்டர் எடுப்பார், எவ்வளவு நேரத்தில் வருவார்? குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்று வலி வந்தால் விடிவதற்குள் ஆள் வேண்டும். சாணி எங்கே போகிறது? டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது?

விலையைக் கடைசியில் கேட்டார். கேட்டதும் முகம் வாடிவிட்டது. "அஞ்சு ஏக்கருக்குத்தாங்கண்ணா எங்கிட்ட இருக்குது."

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அக்கா வந்திருந்தாள். கிணற்று மேட்டில் நின்று ரொம்ப நேரம் உள்ளே பார்த்தாள். தண்ணீர் 50 அடிக்குக் கீழே.

துண்டாக விற்பதா என்று மூவரும் பேசினோம். 5 ஏக்கர் அந்தப் பெண்ணுக்கு, மீதி தென்னைக்காரருக்கு. முழுதாகக் கொடுத்தால் தென்னைக்காரர் உடனே முடிப்பார், துண்டு என்றால் விலை கொஞ்சம் இறங்கும். தம்பி கணக்குப் போட்டுக் காட்டினான், கணக்கு சரிதான். அக்காதான், "குறையறதை என் பங்குல கழிச்சுக்குங்க" என்றாள். தம்பி வெட்கப்பட்டான். அப்படியொன்றும் கழிக்க வேண்டாம் என்று கடைசியில் அவனே சொன்னான்.

ஆகஸ்ட் 8

அந்தியூர். குருநாதசுவாமி கோயில் சந்தை, கூட்டம் நெரிகிறது. விலை விசாரிக்கத்தான் போனேன். காதைத் திருப்பி நுனியோடு நுனி முட்டவைக்கும் மார்வாரிக் குதிரைகள், வெள்ளை வெளேரென்ற நொக்ரா, கொட்டுக்கு ஆடும் குதிரைகள். மயிலையின் படத்தைக் காட்டியதும் ஒரு வியாபாரி வயதைக் கேட்கவில்லை, பல்லைக் கேட்கவில்லை, போனை முகத்தருகே வைத்துச் சுழி தேடினார். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வீட்டுக்கு ஆகாதாம். மயிலைக்கு அது இருக்கிறது. "பாதி விலைக்குத் தரீங்களா?" என்றார். 14 வருடமாக என் வீட்டில்தான் இருக்கிறது, எனக்கு ஆகாமல் போனது முழங்கால் ஒன்றுதான். கரும்புச்சாறு குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 14

சவாரி சொல்லிக் கொடுக்கும் அந்த அம்மணி தன் குதிரைகளை முன்கூட்டியே கொண்டுவந்து கட்டலாமா என்று கேட்டார். கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை இல்லாமல் என் லாயத்துக்குள் ஒரு குதிரையும் வராது, பத்திரம் முடிந்தாலும் சரி என்றேன். தடுப்பூசி இல்லாத நோய், மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைக் கொல்வதைத் தவிர வழியில்லை. கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே போனில் மூன்று தாள் வந்து விழுந்தது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் முடிவு, மூன்றும் சுத்தம், போன மாதத் தேதி. நான் கேட்பேன் என்று எடுத்து வைத்திருந்தாராம்.

ஆகஸ்ட் 21

உட்பிரிவுக்கு சர்வேயர் வந்தார். வரைபடத்தில் 11 ஏக்கர் 40 சென்ட், தரையில் 11 ஏக்கர் 18. கிழக்கே எல்லைக்கல் காணோம், வேலி உள்ளே தள்ளியிருக்கிறது. தாத்தா கொம்பு நட்ட அன்று கயிறு பிடித்தவர் யாரோ. பெரியப்பா மகன் அந்தப் பக்கம் நின்று வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்தார். 22 சென்ட்டுக்காகச் சண்டைக்குப் போகத் தம்பிக்கு ஆசை. அக்கா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். குறைவு தென்னைக்காரர் பக்கம் விழுகிறது, விலையில் சரிக்கட்டுகிறோம். அவருக்குப் போர், அம்மணிக்குக் கிணறும் நான்கு நாள் முறையும், இருவருக்கும் பொதுவாக 20 அடி வண்டிப்பாதை. பாதையைப் பத்திரத்தில் எழுதச் சொன்னேன், வாய்ப்பேச்சு வேண்டாம்.

செப்டம்பர் 4

பத்திரம் முடிந்தது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. முகூர்த்த நாள் என்பதால் பதிவு அலுவலகத்தில் நிற்க இடமில்லை. சொத்து விவரத்தில் கிணறு வந்தது, லாயம் வந்தது, மின் இணைப்பு எண் வந்தது. குதிரைகள் வரவில்லை, அசையும் பொருள். அதனால் அவற்றுக்குத் தனியாக வெள்ளைத்தாளில் எழுதிக்கொண்டோம். காரியும் செவலையும் மட்டக்குதிரையும் அம்மணிக்கு. மயிலையும் கறுப்பியும் என் பேரில், நிற்பது அவர் லாயத்தில், தீனிச் செலவு என்னுடையது. சுழியைப் பற்றியும் சொன்னேன். "எனக்கும் நெத்தியில ஒண்ணு இருக்குதுங்கண்ணா" என்று முடியை ஒதுக்கிக் காட்டினார்.

நாளை லாடம் அடிப்பவர் வருகிற முறை. ஐந்து குதிரை, இருபது கால். அவரிடம் தேதியை இருவரும் தனித்தனியாக உறுதிசெய்திருக்கிறோம், இப்போதுதான் தெரிந்தது. யார் காசு கொடுப்பது என்று பேசவில்லை.