விடுப்பே எடுக்காத ஒன்பது பருவங்கள்

மஸ்டர் ரோலை, அதாவது ஊழியர் வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்ததால், யாருடைய பணிக்காலத்தைப் பற்றிப் படித்தாலும் அவர் வராத நாட்களையே கண் முதலில் தேடுகிறது. இங்கிலாந்தின் டிரான்மியர் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பின் தடுப்பாட்டக்காரர் ஹரால்ட் பெல்லின் கணக்கில் அப்படி ஒரு நாளைக் கண்டுபிடிக்க நான் ஒன்பது பருவங்களைத் தாண்ட வேண்டியிருந்தது.

போர் முடிந்து 1946 ஆகஸ்டில் இங்கிலாந்தின் லீக் ஆட்டங்கள் மீண்டும் தொடங்கியதிலிருந்து 1955 ஆகஸ்ட் வரை, அவர் தொடர்ச்சியாக 401 லீக் ஆட்டங்களில் ஆடினார். பழைய பழக்கத்தால் நானும் கூட்டிப் பார்த்தேன்: 42 ஆட்டங்கள் வீதம் நான்கு பருவங்கள், பிறகு 46 வீதம் ஐந்து பருவங்கள், அதற்கு மேல் மூன்று ஆட்டங்கள், கணக்கு இடிக்கவில்லை.

இதெல்லாம் புகழ்வெளிச்சம் விழும் இடத்தில் நடக்கவில்லை. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், மெர்சி ஆற்றைத் தாண்டியிருக்கும் பர்க்கன்ஹெட் என்ற கப்பல் கட்டும் ஊரில், பிரென்டன் பார்க் மைதானத்தில், லீக்கின் கீழ்மட்டமான மூன்றாம் பிரிவின் வடக்குப் பகுதியில் நடந்தது. அந்தப் பகுதியிலிருந்து அன்று ஆண்டுக்கு ஒரே ஒரு அணிதான் மேல் பிரிவுக்கு ஏற முடிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி 1965இல்தான் வந்தது என்பதால், காயம்பட்டவர் நொண்டிக்கொண்டே ஆடுவார், அல்லது அணி பத்துப் பேராகக் குறையும். எதிரணி முன்கள வீரர்களின் கால்களுக்கு இடையே புகுந்து பந்தை எடுப்பதே பிழைப்பாக உள்ள ஒருவர், தண்ணீர் குடித்துக் கனத்த தோல்பந்தைச் சேற்றில் தலையால் முட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கும் தகுதியோடு வந்து நிற்பது மருத்துவ விடுப்பு விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு நம்பவே கடினமாக இருந்தது. அதிலும் முதல் பருவம், 1947இன் கடும்பனியால் ஜூன் மாதம் வரை நீண்ட பருவம்.

ஆனால் இதைக் கிளப்பின் மீதான விசுவாசம் என்று உடனே பாராட்டிவிட எனக்குத் தயக்கம் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பின்னும் வீரரைத் தன்னிடமே நிறுத்திவைக்கக் கிளப்புக்கு அன்று உரிமை இருந்தது. சம்பளத்துக்கோ உச்சவரம்பு, 1947இல் வாரம் 12 பவுண்டு, 1953இல் 15. வேறிடம் போயிருந்தாலும் லீக்கில் அந்த வரம்பைத் தாண்டிய ஊதியம் விதிப்படி கிடைத்திருக்காது. விரும்பி இருந்தாரா, வழியின்றி இருந்தாரா என்பதை எந்த வருகைப் பதிவேடும் சொல்வதில்லை.

1955 ஆகஸ்ட் 30 அன்று கேட்ஸ்ஹெட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் தொடர் அறுந்தது. அவர் விடுப்புக் கேட்கவில்லை. அணித் தேர்வில் அவரை விட்டுவிட்டார்கள். அதன் பிறகும் அதே கிளப்புக்கு மேலும் 194 லீக் ஆட்டங்கள் ஆடி, மொத்தக் கணக்கை 595இல் முடித்தார்.