வயலுக்கு மேலே நிற்கும் காடு

பிலிப்பைன்ஸின் வடக்கே, லூசோன் தீவின் கோர்டியேரா மலைத்தொடரில் இஃபுகாவோ மக்கள் அமைத்த அடுக்கு வயல்களைக் காணச் செல்பவர்களில் பலர், பனாவே ஊரின் காட்சிமுனையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 2010-இல் வெளிவந்த 20 பெசோ தாளின் பின்புறத்தை அழகு செய்வதும் பனாவே வயல்கள்தாம். ஆனால் 1995-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த படாட், பங்கான், மயோயாவ், ஹுங்துவான், நாகாகாடான் ஆகிய ஐந்து தொகுதிகளுக்குள் அந்தக் காட்சிமுனை வயல்கள் வரவில்லை.

படாட்டுக்குச் செல்லும் வழியின் கடைசிப் பகுதியை நடந்தே கடக்க வேண்டும். என்னை அழைத்துச் சென்ற உள்ளூர்ப் பெரியவர் முதலில் வயலைக் காட்டவில்லை. அதற்கு மேலே, மலையுச்சியை ஒட்டி நின்ற காட்டைக் காட்டினார். முயோங் என்று அழைக்கப்படும் இக்காடுகள் குடும்பங்களின் உடைமை. விறகும் வீட்டுக்கு மரமும் மூலிகையும் தருபவை இவையே என்றாலும், மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றாகக் கசியவிடுவதே இவற்றின் பெரும்பணி. அந்த நீர் வாய்க்கால் வழியே மேல்வயலில் இறங்கி, மடை மடையாகக் கீழ்வயலுக்குப் பாய்ந்து, இறுதியில் ஆற்றைச் சேர்கிறது. முயோங் அழிந்தால் வயல் வறண்டுவிடும். வயலைக் கைவிட்டால் கரை சரிந்து கீழே உள்ளவருடைய வயலையும் மூடிவிடும். ஆகவே, நம் குடிமராமத்தைப் போல, வாய்க்காலும் கரையும் ஊர் கூடிச் செய்யும் வேலைகளாக இருந்து வந்திருக்கின்றன.

இங்கு விளையும் தினாவோன் என்னும் மரபு நெல் ஒருபோகப் பயிர். களையெடுப்பிலும் அறுவடையிலும், இறந்தவருக்காகக் கண்விழிக்கும் இரவுகளிலும் ஹுத்ஹுத் என்னும் நெடும்பாடல் பாடப்படுகிறது. முதிய பெண் ஒருவர் முன்னெடுத்துப் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட இம்மரபில் ஒரு கதையை முழுமையாகப் பாடி முடிக்கச் சில நாட்கள்கூட ஆகலாம். புகழ்பெற்ற கதையொன்றில் அலிகுயோன், பும்பக்காயோன் என்னும் இரு வீரர்கள் நெடுங்காலம் போரிட்டும் வெற்றி காணாமல் சமாதானம் செய்துகொண்டு, ஒருவர் தங்கையை மற்றவர் மணக்கிறார். போர்க்கதை மணவீட்டில் முடியும் இந்தப் பாடலைப் பெண்கள் வயலில் நின்று காத்துவந்தார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

இவ்வயல்களுக்கு இரண்டாயிரம் ஆண்டு வயது என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. தொல்லியலாளர் ஸ்டீபன் அகாபாடோவும் அவருடைய குழுவினரும் இஃபுகாவோவின் பழங்குடியிருப்பான பழைய கியங்கன் பகுதியில் நடத்திய ஆய்வுகளோ, அங்கே முதலில் சேப்பங்கிழங்கு பயிரிடப்பட்டது என்றும், ஸ்பானியர் லூசோனுக்கு வந்த பிறகே நீர்ப்பாய்ச்சும் நெல்வயல்கள் விரைந்து பரவின என்றும் காட்டுகின்றன. இதனால் பெருமை குறைந்துவிடும் என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நிய ஆட்சியை எதிர்த்து நின்ற மக்கள், சில தலைமுறைகளுக்குள் செங்குத்தான மலையை வயலாக்கி, அதைச் சுற்றி ஒரு சமூகத்தையே வலுப்படுத்தினார்கள் என்பது இன்னும் பெரிய சாதனை.

இளைஞர்கள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் நகரங்களுக்குச் சென்றுவிட, 2001-இல் இவ்வயல்கள் ஆபத்துக்குள்ளான பாரம்பரியங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. சீரமைப்புக்குப் பிறகு 2012-இல் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எனினும் கரைகளைத் தாங்கும் கைகள் இன்றும் குறைவே. உணவுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் வயல்களில் பெருகிய தங்க நத்தை, இளம் நாற்றைத் தின்று அழிக்கிறது.

அங்கே செல்ல விரும்புவோருக்கு என் வேண்டுகோள் மூன்று. உள்ளூர் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு முயோங் வரை ஏறுங்கள். வரப்பும் கற்சுவருமே அங்கே நடைபாதை என்பதால் அவற்றில் கவனமாகக் கால் வையுங்கள். கிடைத்தால் தினாவோன் அரிசியை விளைவித்தவரிடமே வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறையே விளையும் நெல்லுக்கு உரிய விலை கிடைத்தால்தான் அடுத்த நடவுக்கும் யாரேனும் வயலில் இறங்குவார்கள்.