பவானியிலிருந்து கடைமடைக்கு

ஜனவரி 15, இரவு, மயிலாடுதுறை

விடியற்காலை நாலரைக்குப் பவானியை விட்டுக் கிளம்பினோம். அப்பா, நான், வீட்டுக்காரர், பாப்பா. நாற்பது வருஷம் ஜமக்காளத் தறியில் உட்கார்ந்த அப்பா, பவானி ஆறு வந்து கலக்கும் கூடுதுறையைத் தாண்டிக் காவிரி என்ன ஆகிறது என்று நேரில் பார்த்ததே இல்லை. “கடல்ல எங்க போயி உழுகுதுன்னு ஒருக்கா பாத்துப்போடோணும்” என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வழியில் கல்லணையில் மட்டும் இறங்கினோம். காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் அங்கே நாலாகப் பிரிகிறது. அப்பா ஒவ்வொரு மதகாக நின்று பார்த்தார். “நூல் சிட்டத்தப் பிரிக்கற மாதிரியே இருக்குது கண்ணு” என்றார். பாப்பா நாலு ஆற்றின் பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். இனி வருகிற ஆறுகளையெல்லாம் எழுதப்போகிறாளாம்.

ஜனவரி 16, தரங்கம்பாடி

பூம்புகாரில் காணும் பொங்கல் கூட்டம். அதை விலக்கிக்கொண்டு, காவிரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு நடந்தோம்.

பவானியில் நின்றால் அக்கரையில் இருப்பவர் முகம் தெரியாது. இங்கே அக்கரையில் நின்ற பையன் கையில் வைத்திருந்த சுண்டல் பொட்டலம் தெரிந்தது. அவ்வளவு ஒடுங்கிய ஆறு. கலங்கின தண்ணீர் மணல் திட்டை ஒட்டி நெளிந்து போய், சத்தமே இல்லாமல் அலைக்குள் கலந்துவிட்டது. அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “இவ்வளவுதானா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு நெஞ்சு கனத்துப்போனது. இதற்காகவா இவரை இவ்வளவு தூரம் கூட்டிவந்தோம் என்று இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1845இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். என்னை அதிகம் பிடித்து வைத்தது பக்கத்திலிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில்தான். பாண்டியர் காலத்துக் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டிருக்கிறது. ஆறு இங்கே மெலிகிறது, கடல் உள்ளே வருகிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தது மனதைப் பிசைந்தது.

ஜனவரி 17, வேதாரண்யம்

இன்று பாப்பாவுக்குக் கை ஓயவில்லை. நண்டலாற்றைத் தாண்டினால் காரைக்கால். அப்புறம் அரசலாறு, திருமலைராஜனாறு, பிராவடையனாறு, நாகூரை நெருங்கும்போது வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு. “எல்லாமே காவேரிதானா அப்புச்சி?” என்று ஒவ்வொரு பாலத்திலும் கேட்டாள். ஆமாம், எல்லாமே காவிரியிலிருந்து பிரிந்து வருபவைதான்.

நாகூரில் தர்காவின் மினாராக்களை அண்ணாந்து பார்த்தோம். எல்லாவற்றிலும் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப சிங். நாகப்பட்டினத்தில் டீக்கடைக்காரர் ஒருவர் 2004 டிசம்பர் 26 சுனாமியில் தண்ணீர் எதுவரை வந்தது என்று சுவரில் கையை வைத்துக் காட்டினார். அவர் தோளுக்கும் மேலே இருந்தது. வேறெதுவும் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

திருப்பூண்டி தாண்டி டயர் பஞ்சர். வீட்டுக்காரரும் பாப்பாவும் ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருக்க, அப்பா சாலையோரம் வயலில் நின்ற பெரியவரிடம் போய்விட்டார். கதிர் பால் பிடிக்கும் பருவம். பெரியவர் வாய்க்காலில் மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்திருந்ததை மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினார். விரற்கடை அகலத்துக்குத் தண்ணீர் உள்ளே ஓடியது. ஓடும் போதே வெடித்த மண் அதைக் குடித்தது.

“ஏனுங்க, இது எந்த ஆத்துத் தண்ணிங்க?”

“மேட்டூர் தண்ணிதாங்க. நாங்க கடைமடை, பாசனத்துல கடைசியா இருக்கறவங்க. ஜூன் பன்னெண்டுல தொறந்தாலும் எங்களுக்கு வந்து சேரப் பத்துப் பதினஞ்சு நாள் ஆயிடும். நீங்க எந்த ஊருங்க?”

“பவானிங்க.”

“அட, அப்ப உங்க வாசல்ல பாத்த தண்ணிதான் இது” என்று சொல்லிப் பெரியவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா குனிந்து அந்த ஓட்டத்தில் விரலை வைத்தார். எழுந்திருக்கவே இல்லை. டயர் மாட்டி முடித்து நான் போய்த் தோளைத் தொட்டதும்தான், “பூம்புகார்ல காணாததெல்லாம் இங்கதான் கண்ணு இருக்குது” என்றார்.

ஜனவரி 18, முத்துப்பேட்டை

காலையில் அகத்தியம்பள்ளி உப்பு சத்தியாக்கிரக நினைவுத் தூண். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்டு, சித்திரை வெயிலில் நடந்தே வந்தவர்கள் 30ஆம் தேதி இங்கே உப்பு அள்ளினார்கள். அந்தத் தூரத்தை நாங்கள் ஏசி போட்ட காரில் வந்திருந்தோம். கோடியக்கரையில் வெளிமான் கூட்டமும், தூரத்தில் ரோஜா நிறக் கோடாகப் பூநாரைகளும். பாப்பா துள்ளிக் குதித்தாள்.

சாயந்திரம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகு. இரண்டு பக்கமும் சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. இது கோரையாறு, அந்தப் பக்கம் பாமணியாறு, கிளைத்தாங்கியாறு, மரக்காக்கோரையாறு என்று படகுக்காரத் தம்பி சொல்லிக்கொண்டே வந்தார். எல்லாம் இந்தக் காயலில் வந்து சேர்கின்றனவாம்.

“தம்பி, கொஞ்சம் மெதுவாச் சொல்லு சாமி, புள்ள எழுதறா” என்றார் அப்பா.

அவர் மறுபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். பாப்பா மரக்காக்கோரையாற்றை எழுத்துக் கூட்டி எழுதி முடிக்கும்வரை படகு நின்றது.