தோற்ற பள்ளிக்கு வசனம் இல்லை

அந்த ஆறு விநாடியை வெட்டியது சரிதான் என்று இப்போதும் சொல்வேன். சொன்ன கையோடு, யாரும் கேட்காமலேயே அதற்குக் காரணங்களை அடுக்கவும் ஆரம்பித்துவிடுகிறேன். அதுதான் எனக்கே இடிக்கிறது.

கதை தெரிந்த கதைதான். அருகருகே இரண்டு பள்ளிகள், வருஷத்துக்கு ஒரு போட்டி. அந்தப் பள்ளிக்காரர்கள் கோப்பையை வைத்துக்கொண்டு அலட்டுவார்கள். நம் பிள்ளைகள் பாதி எபிசோடு வரை சொதப்பிவிட்டுக் கடைசி ரிலேயில் ஜெயிப்பார்கள். கார்ட்டூன் தொடர் ஒன்று சில சீசன் ஓடினால் இப்படி ஓர் எபிசோடு வராமல் போகாது. எழுதுகிறவருக்கு மெனக்கெடல் குறைவு. பார்க்கிற பிள்ளைகளுக்கும் யார் பக்கம் நிற்பது என்று விளக்க வேண்டாம். எங்கள் ஸ்கிரிப்டின் கடைசி வரிகள்: தோற்ற பள்ளியின் பஸ் கேட்டைத் தாண்டுகிறது. புகை. நாயகன் இருமுகிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

ஸ்டோரிபோர்டில், அதாவது ஸ்கிரிப்டைக் கட்டம் கட்டமாகப் படம் வரையும் வேலையில், அந்தக் கடைசி சீக்வென்ஸைப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கொடுத்திருந்தேன். நல்ல கை. பஸ் கேட்டைத் தாண்டுவதற்கும் நாயகன் இருமுவதற்கும் நடுவில், ஸ்கிரிப்டில் இல்லாத சில பேனல்களைச் செருகியிருந்தார். பஸ்ஸின் உட்புறம். ரிலேயில் பேட்டனை நழுவவிட்ட பையன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். ஒரு காலில் சாக்ஸ் கணுக்கால் வரை சரிந்து கிடக்கிறது. குனிந்து இழுத்துவிடுகிறான். நிமிர்வதற்குள் மறுபடி சரிகிறது. பின் சீட்டிலிருந்து ஒரு கை, முகமில்லை, கை மட்டும், தண்ணீர் பாட்டிலை அவன் தோளுக்கு மேலாக நீட்டுகிறது. ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே கொடுக்கிறான். அவ்வளவுதான். வசனம் கிடையாது, அழுகை கிடையாது. அந்தப் படங்களை நேரக்கணக்கோடு கோத்த அனிமேட்டிக்கில் ஓட்டிப் பார்த்தபோது ஆறு விநாடி வந்தது.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"பஸ்ஸுக்குள்ள யார் இருக்காங்கன்னு தெரிய வேண்டாமா சார்?"

"யார் இருப்பாங்க? தோத்தவங்க இருப்பாங்க."

"அவங்கள்ல ஒருத்தருக்கும் பேரே இல்லையே சார்."

"பதினோரு நிமிஷத்துல எல்லாருக்கும் பேர் வெச்சுட்டு இருக்க முடியுமா?"

"சரி சார்," என்றார். பேனல்களை அழித்தார். அன்று மாலையே, இனி மாற்றமில்லை என்று பூட்டிய அனிமேட்டிக் போய்விட்டது. சண்டையில்லை, முகச்சுளிப்பு கூட இல்லை. இதையெல்லாம் ஒரு சம்பவம் என்று எழுத உட்கார்ந்திருப்பதே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு என் பக்கம் புரியும். ஆறு விநாடி என்றால் விநாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் 150 ஃபிரேம். பஸ்ஸின் வெளிப்புறம் லைப்ரரியில் இருந்தது. நம் பள்ளியின் பஸ்ஸுக்கே வேறு வண்ணம் அடித்துவிட்டிருந்தோம். உட்புறத்துக்குப் புதிதாக பேக்ரவுண்ட் வரைய வேண்டும், சீட்டுகளை முன்னால் தனி லேயராகப் பிரிக்க வேண்டும், ஜன்னலுக்கு வெளியே காட்சி நகர வேண்டும். அந்தப் பையனின் ரிக்கில், அதாவது அசைப்பதற்காகக் கணினியில் கட்டிய உருவத்தில், உட்காரும் போஸே கிடையாது, ஓடவும் நிற்கவும் மட்டும்தான் தெரியும். சாக்ஸ் காலோடு சேர்த்து வரையப்பட்டது. அது சரிய வேண்டுமானால் காலையே பிரித்துக் கட்ட வேண்டும். ஒரு சாக்ஸுக்காக ரிக்கிங் ஆளிடம் போய் நிற்கும் தைரியம் எனக்கு இல்லை. எங்கேயாவது ஆறு விநாடியைக் கூட்டினால் வேறெங்கேயோ ஆறு விநாடி குறைய வேண்டும். குறைக்க இருந்த இடம் அந்த இருமல் காட்சிதான். சேனல்காரர்களுக்கு மிகவும் பிடித்திருந்ததே அதுதான்.

இதெல்லாம் உண்மை. ஆனால் அவர் கேட்டது சாக்ஸைப் பற்றி இல்லையே.

அந்தப் பள்ளி எப்படி உருவானது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஓர் எபிசோடுக்கு இத்தனை புதுக் கதாபாத்திரம் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் எதிர்ப் பள்ளியின் தலைவனுக்கு மட்டும் முழு டிசைன் கிடைத்தது. முக்கோணத் தாடை, கூரான தோள், ஒரு பக்கம் ஏறிய புருவம். வட்டமாக இருந்தால் நல்லவன், கூராக இருந்தால் ஆகாதவன் என்பது கேரக்டர் டிசைனில் அரிச்சுவடி. மற்றவர்களுக்கு ஒரே உடம்பு, சில தலைமுடி, அவ்வளவுதான். தலைவனுக்குப் பின்னால் ஆப்பு வடிவத்தில் நிற்பார்கள். ஒரே நேரத்தில் கை கட்டுவார்கள். டப்பிங்கில் ஒரே கலைஞர் நாலைந்து விதமாகச் சிரித்துக் கொடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம், அது ஒரு பள்ளியின் சிரிப்பாகிவிட்டது. இந்தப் பிள்ளைகள் மந்தையாக இருக்கட்டும் என்று யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. அசெட் லிஸ்டை, அதாவது எபிசோடுக்கு வேண்டிய உருவங்கள், பொருள்களின் பட்டியலை, நிரப்பி முடித்தபோது மந்தையாக இருந்தார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. 1980-இல் ஜார்ஜ் குவாட்ரோன், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் என்ற இரு பல்கலைக்கழக மாணவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு மாணவன் ஏதோவொன்றைத் தேர்ந்தெடுப்பதைப் படமாகக் காட்டி, அவன் உங்கள் இடத்துப் பையன் என்றோ அந்த இடத்துப் பையன் என்றோ சொல்லிவிடுவது. அந்த இடத்தவன் என்று சொல்லப்பட்டபோது, அவனைப் போலத்தான் அங்கே மற்றவர்களும் இருப்பார்கள் என்று நினைப்பது கூடியது. நம் ஆட்களில் பல விதம் உண்டு, அவர்கள் எல்லாம் ஒரே அச்சு. மனிதர்களின் மனம் செய்யும் வேலையை எங்கள் பட்ஜெட் செய்திருக்கிறது என்று அப்போது ஒரு சமாதானம் வந்தது. இப்போது அதே விஷயம் குற்றச்சாட்டு போலவும் படுகிறது. ஏற்கெனவே மனசு அப்படித்தான் சாய்கிறது என்றால், நான் வேறு எதற்கு அதற்கு வண்ணமடித்துக் கொடுக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு, அதைவிடப் பழையது. 1951 நவம்பரில் டார்ட்மவுத்துக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்த அமெரிக்கக் கால்பந்துப் போட்டி முரட்டுத்தனமாகப் போனது. பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது, டார்ட்மவுத் வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. அந்தப் போட்டியின் ஒரே படத்தை இரு இடத்து மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்கள் பிரின்ஸ்டன் மாணவர்களின் கண்ணுக்குச் சராசரியாக 9.8, டார்ட்மவுத் மாணவர்களின் கண்ணுக்கு 4.3. ஒரே படம்தான். எங்கள் வேலையில் அந்த வசதிகூடப் பிள்ளைகளுக்குக் கிடையாது. எதிர்ப் பள்ளியின் தில்லுமுல்லுகளை குளோசப்பில் வைத்தவன் நான். நம் நாயகன் முன் வரிசையில் இருந்தவனைத் தள்ளிவிட்டு ஓடுவதை வைட் ஷாட்டில், நகைச்சுவை இசையோடு வைத்தவனும் நான்தான்.

சரி, அதனால் என்ன? எல்லோருக்கும் நியாயம் செய்துகொண்டு கார்ட்டூன் எடுக்க முடியாது. எதிராளிக்கு ஒரு சோகக் கதை, அவன் பாட்டிக்கு ஒரு நோய் என்று வைத்து, கடைசியில் யார் ஜெயித்தாலும் மனசு கனக்கிற மாதிரி எடுத்தவற்றைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் நெளிகிறார்கள். போட்டி என்றால் ஒரு பக்கம் நின்று கத்த வேண்டும், அந்த சந்தோஷத்துக்கும் ஒரு மரியாதை இருக்கிறது. எதிர்ப் பள்ளி எதிர்ப் பள்ளியாக இருப்பதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெரும்பாலும் நம்புகிறேன்.

முதல் வரைவில் முடிவு வேறாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பஸ் சேற்றில் மாட்டிக்கொள்ளும், இரண்டு பள்ளியும் சேர்ந்து தள்ளும், கை கோத்துக்கொள்ளும். 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் உளவியலாளர் முஸாஃபர் ஷெரிஃப் ஆய்வுக்காக நடத்திய ராபர்ஸ் கேவ் முகாமிலிருந்து வழிவழியாக வரும் முடிவு அது. 22 பையன்களை இரண்டாகப் பிரித்து, போட்டி வைத்து, கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியதும், நின்றுபோன லாரியை எல்லோரும் சேர்ந்து இழுக்க விட்டார்கள். கயிறிழுக்கும் போட்டியில் எதிரெதிரே பிடித்த அதே கயிற்றால் இழுத்தார்கள். அந்தக் கயிறு மட்டும் எங்கள் ஸ்கிரிப்டில் வந்திருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. ஆனால் ஷெரிஃப் முகாமில் ஒரு லாரியோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. தண்ணீர்த் தொட்டி, சினிமாவுக்குக் காசு சேர்ப்பது என்று அடுத்தடுத்துப் பொதுச் சிக்கல்கள் தேவைப்பட்டன. எங்களுக்கு இருந்தது நாற்பது விநாடி. அதோடு எங்கள் எபிசோடுகளை எந்த வரிசையிலும் ஒளிபரப்புவார்கள். இன்று கட்டிப்பிடித்தவர்கள் நாளை பழைய எபிசோடில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆகவே ஒவ்வோர் எபிசோடு முடியும்போதும் எல்லாம் ஆரம்பித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்தக் கைகோத்தலை எடுக்கச் சொன்னதும் நான்தான், அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. அது பொய். அந்தப் பெண்ணின் ஆறு விநாடி பொய்யில்லை. யாரோடும் யாரும் ராசியாகவில்லை, எதுவும் மாறவில்லை, அடுத்த வாரம் அவர்கள் தாராளமாக முறைக்கலாம். நான் போட்ட எல்லா விதிக்கும் அடங்கித்தான் வரைந்திருக்கிறார் என்பதை மிகத் தாமதமாகக் கவனித்தேன்.

பூட்டிய பிறகு ஒரு சின்னக் கூத்து நடந்தது. எதிர்ப் பள்ளிப் பிள்ளைகளின் ஃபைல்களுக்கு ரைவல் ஏ, ரைவல் பி என்றுதான் பெயர். அந்தப் பெண் தன் சீன்களில் அவற்றை அழித்துவிட்டு, தானே வைத்த பெயர்களைப் போட்டிருக்கிறார். ஃபைல் பெயர் மாறினால் சீன் அதைத் தேடிக் கண்டுபிடிக்காது. அனிமேட்டர் திறந்தபோது மைதானத்தில் நம் பிள்ளைகள் மட்டும் நிற்கிறார்கள், எதிரில் ஒருவரும் இல்லை, காலி கட்டங்கள். அனிமேஷன் டீமில் ஒரே கூச்சல். எல்லாவற்றையும் பழையபடி மாற்றச் சொன்னேன்.

"பேர் வெச்சா ஆளே காணாமப் போறாங்க சார்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது? அன்றைக்கு டெலிவரி.

அவர் இப்போது வேறு இடத்தில் இருக்கிறார். இதை அவர் ஞாபகம்கூட வைத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். பல வருஷங்களாக என்னோடு வேலை பார்க்கும் இன்னொரு இயக்குநரிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், இல்லையென்றால் தட்டிக்கொடுப்பார் என்று. அவர் வேறொன்றைப் பிடித்துக்கொண்டார். "சாக்ஸ், தண்ணி பாட்டில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாவம் பார்த்தாத்தான் அவங்க மனுஷங்களா? உங்க எபிசோடுல அந்தப் பள்ளிக்கு ஒரு ஜோக்காவது இருந்துச்சா?"

இல்லை. போய் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். அவர்களுக்கு இருந்தது கெக்கலிப்பு மட்டும். நான்கு வரி மிரட்டல், இரண்டு வரி ஏளனம், மீதியெல்லாம் அந்த அடுக்கிய சிரிப்பு. சிரிக்கவைத்தவர்கள் எல்லோரும் நம் பக்கம். பட்ஜெட், ரிக், பேக்ரவுண்ட் என்று நான் சொன்ன ஒரு காரணமும் இங்கே நிற்காது. ஒரு ஜோக்குக்குப் புது அசெட் வேண்டாம். இருக்கிற வாயை அசைத்தால் போதும். அந்த ஆறு விநாடி இல்லாமலே, ஒரு பையனுக்கு ஒரு நல்ல வரி கொடுத்திருந்தால் பிள்ளைகள் அவன் பெயரைத் தாங்களே கேட்டிருப்பார்களோ என்று தோன்றுகிறது. இது அந்தப் பெண் சொன்னதற்கு ஆதரவா, எனக்கு ஆதரவா என்று இன்னும் பிடிபடவில்லை.

இந்த சீசனிலும் அந்தப் பள்ளி வருகிறது. வினாடி வினா போட்டி. பழைய ரிக்குகளையே எடுத்துக்கொள்ளலாம் என்று தயாரிப்புப் பக்கம் ஏக மகிழ்ச்சி. ஸ்கிரிப்ட் எழுதும் தம்பியிடம், எதிர் அணியில் இரண்டாவதாக உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு ஜோக் வேண்டும் என்று சொன்னேன். ரைவல் பி-தான். அவர் நோட்டில் குறித்துக்கொண்டே, "நம்ம ஹீரோ ஜோக்கை விட நல்லா இருக்கலாமா சார், இல்ல கொஞ்சம் சுமாரா இருக்கணுமா?" என்று கேட்டார்.

சுமாராக இருக்கட்டும் என்றுதான் சட்டென்று வாயில் வந்தது.